துப்பாக்கிக்கு விலை நிற்குமா?

கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் அந்நாளில் மண்டி வைத்திருந்த சிலர் வீட்டில் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. வசூல் பணத்துடன் இரவில் திரும்பும் பயம்தான் காரணம். இக்காலப் பிள்ளைகளோ அரை தானியங்கி ரைஃபிளில் மலிவானது நல்லதா, உயர்ந்தது நல்லதா என்று நம்மிடம் கேட்கிறார்கள். அது பொதுவாகத் தடை செய்யப்பட்ட வகை. நம் போன்றோருக்கு உரிமம் கிடைக்காது.

கிடைப்பது இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315 ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டு போர் துப்பாக்கி. இதில் பர்மிங்காம் வெப்லி ஸ்காட் போன்ற பழைய சீமைச் சரக்குக்கு மவுசு அதிகம். 1980களில் இறக்குமதி அடைபட்டது. வரத்தில்லாத சரக்கு விலையேறும் என்பது நமக்குத் தெரியாததா! புதிதாகவே கிடைக்கும் உள்நாட்டுச் சரக்கில் பழையதற்கு யார் கூடக் கொடுப்பார்?

ஆனால் வாங்குபவரிடமும் உரிமம் இருக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைக்கலாகாது. கேட்பவர் சிலரே.

நம் தகப்பனார் காலமானபின் அவருடைய சீமைத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ உடனே ஒப்படைத்திருக்க வேண்டும். துக்கத்திலும் வியாபாரத்திலும் மாதங்கள் ஓடின. எண்ணெய் போடக்கூட ஆளில்லை. பிறகு கொண்டுபோனபோது விற்பனையாளர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடலூர் உப்புக்காற்றில் உள்ளே குழிகள். விசாரணை, விளக்கக் கடிதம் என்று அலைந்தோம். கடைசியில் அவர் சொன்ன விலைக்கே கொடுத்தோம்.