‘ஒயின் ஷாப்’பில் ஒயினைத் தேடுபவரா நீங்கள்? எப்போதாவது குடிப்பவருக்கு ஒரு கிளாஸ் கணக்கு!

தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்று எல்லோரும் சொல்லும் கடையில், அதிகம் தேட வேண்டியிருக்கும் சரக்கு ஒயின்தான். பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும். ஒயின் கேட்டால் கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு மேல் தட்டின் மூலையில் இருந்து தூசு தட்டி ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார்.

இது தேனி மாவட்டத்தில் நடக்கும்போது இன்னும் வேடிக்கை. ஏனென்றால் இது திராட்சை ஊர். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று எங்கே போனாலும் தலைக்கு மேல் பந்தல், பந்தலுக்குக் கீழே கறுப்புக் கொத்துகள். நாட்டின் மற்ற இடங்களில் திராட்சைக்குப் பெரும்பாலும் ஒரே பருவம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பன்னீர் திராட்சைக்கு, 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

தினமும் குடிப்பவருக்கான கட்டுரை அல்ல இது. குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வதும் அல்ல. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, கிறிஸ்துமஸுக்கோ, திருமண நாளுக்கோ, வெளியூரிலிருந்து நண்பர் வந்தாலோ ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கும் ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் செலவழிக்காமலும், அளவு மீறாமலும் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். சுருக்கமான பதில், சின்ன பாட்டில். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

மீதி பாட்டில் என்ன ஆகும்?

வழக்கமான ஒயின் பாட்டில் 750 மில்லி. ஒரு கிளாஸ் 150 மில்லி என்று ஊற்றினால் ஐந்து கிளாஸ் வரும். வீட்டில் ஒருவர் மட்டும், அதுவும் ஒரே ஒரு கிளாஸ் குடிப்பவர் என்றால், மீதி நான்கு கிளாஸை என்ன செய்வது?

பிராந்தியைப் போல மூடி வைத்துவிட்டு அடுத்த தீபாவளிக்கு எடுக்க முடியாது. பிராந்தியில் சாராயச் செறிவு அதிகம், அதனால் கெடாது. ஒயினில் அது 12, 13 சதவிகிதம்தான். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போய் வாசனையைக் குறைக்கும். கூடவே சில பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆல்கஹாலைப் புளிப்பு அமிலமாக மாற்றத் தொடங்கும். சமையலறை வினிகர் உருவாவதும் இப்படித்தான். இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் மறுநாளே சுவை மாறிவிடும்.

இதனால் என்ன நடக்கிறது? ‘காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாது’ என்று ஒரு கிளாஸ் குடிக்க உட்கார்ந்தவர் மூன்று கிளாஸ் குடிக்கிறார். அல்லது மறுநாளும் குடிக்கிறார். எப்போதாவது என்பது அடிக்கடி என்று மாறுவதற்கு இந்த மீதி பாட்டில் ஒரு நல்ல சாக்கு.

பெரியது மலிவா, சின்னது மலிவா?

சின்ன பாட்டில்கள் 180 அல்லது 187 மில்லி அளவில் வருகின்றன. 375 மில்லி அரை பாட்டிலும், 250 மில்லி கேனும் உண்டு. நாசிக்கின் சுலா நிறுவனம் அரை பாட்டில்கள் விற்கிறது. மகாராஷ்டிரத்தின் இன்னொரு நிறுவனமான ஃப்ராட்டெல்லி, ‘டில்ட்’ என்ற பெயரில் கேனில் ஒயின் கொண்டுவந்தது. எல்லாக் கடையிலும் எல்லாம் கிடைக்காது. பெரிய ஊர்களில் இருக்கும் எலைட் கடைகளில் வாய்ப்பு அதிகம்.

மில்லி கணக்கில் பார்த்தால் சின்ன பாட்டிலுக்கு விலை கூடுதல்தான். உதாரணத்துக்கு, 187 மில்லி 250 ரூபாய், 750 மில்லி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்னதில் ஒரு மில்லிக்கு சுமார் 1 ரூபாய் 34 காசு. பெரியதில் சுமார் 1 ரூபாய் 7 காசு. ஆனால், பெரியதை வாங்கி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மீதியைக் கொட்டினால், அந்த ஒரு கிளாஸின் விலை 800 ரூபாய்!

ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு கிளாஸ் என்றால் பெரிய பாட்டில் லாபம். ஒருவர், இருவர் என்றால் சின்னதுதான் லாபம். எனவே விலையைப் பார்க்கும் முன்பு தலைகளை எண்ணுங்கள்.

குவாட்டரும் குட்டி ஒயினும் ஒன்றல்ல

நம் ஊரில் 180 மில்லி என்றதும் ‘குவாட்டர்’ ஞாபகம் வந்துவிடும். பார்க்க இரண்டும் ஒரே அளவு. உள்ளே இருக்கும் ஆல்கஹாலை எடை போட்டால் வித்தியாசம் தெரியும்.

* 12 சதவிகித ஒயின், 187 மில்லி: சுமார் 18 கிராம்
* 12 சதவிகித ஒயின், 250 மில்லி கேன்: சுமார் 24 கிராம்
* 5 சதவிகித பீர், 650 மில்லி: சுமார் 26 கிராம்
* 42.8 சதவிகித பிராந்தி, 180 மில்லி: சுமார் 61 கிராம்
* 12 சதவிகித ஒயின், 750 மில்லி முழு பாட்டில்: சுமார் 71 கிராம்

கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். ‘ஒயின்தானே, ஜூஸ் மாதிரி’ என்று ஒரு முழு பாட்டிலைக் காலி செய்பவர், ஒரு குவாட்டர் பிராந்தி குடித்தவரைவிட அதிக ஆல்கஹாலை உள்ளே தள்ளியிருக்கிறார். மது பானத்தின் பெயரைவிட அளவும் சதவிகிதமும்தான் முக்கியம்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முதலில் ஆல்கஹால் சதவிகிதம். சாதாரண ஒயினில் 11 முதல் 14 வரை இருக்கும். அதைவிடக் கூடுதலாக இருந்தால், தனியாக மதுச்சாரம் சேர்க்கப்பட்டதாக இருக்கலாம். ‘ஃபோர்ட்டிஃபைடு’ என்று போட்டிருப்பது அதைத்தான் சொல்கிறது. ‘போர்ட்’ என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் நல்ல இனிப்பு. இனிப்பு இருப்பதால் வேகமாக இறங்கும், போதை தெரிய நேரமாகும்.

அடுத்தது ‘டிரை’ என்ற சொல். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். திராட்சையில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுவதுதான் ஒயின் தயாரிப்பு. சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் மாறிவிட்டால் அது டிரை, அதாவது இனிப்பு இல்லாதது. பன்னீர் திராட்சை ஜூஸைக் குடித்து வளர்ந்த நாக்கு, ‘ரெட் ஒயின்’ என்றதும் அதே இனிப்பை எதிர்பார்க்கும். வாயில் வைத்தால் துவர்ப்பும் புளிப்பும்தான் இருக்கும். ‘கெட்டுப்போனதைக் கொடுத்துட்டான்’ என்று பலர் நினைப்பது இதனால்தான்.

லேசான சுவை வேண்டுமென்றால் ‘செனின் பிளாங்க்’ என்ற வெள்ளை ஒயினோ, இளஞ்சிவப்பு ‘ரோஸே’வோ பார்க்கலாம். ‘கேபர்நே சாவினோன்’, ‘ஷிராஸ்’ ஆகியவை துவர்ப்புள்ள சிவப்பு ரகங்கள். நம் ஊர் மட்டன் சுக்கா, நாட்டுக்கோழி வறுவல் மாதிரி காரமான உணவோடு துவர்ப்பு ஒயின் சேர்ந்தால் காரம் இன்னும் ஏறும். குளிர வைத்த, மெல்லிய இனிப்புள்ள வெள்ளை ஒயின் அதைத் தணிக்கும்.

மூன்றாவது, தயாரித்த தேதி. ‘ஒயின் பழசானால்தான் ருசி’ என்பது சில விலை உயர்ந்த ரகங்களுக்கே பொருந்தும். சின்ன பாட்டிலும் கேனும் சீக்கிரம் குடிப்பதற்காக அடைக்கப்பட்டவை. புதியதாகப் பார்த்து எடுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நின்றது, மூடியோரம் கசிந்தது, கேன் உப்பியது எதையும் தொட வேண்டாம். திருகு மூடி இருந்தால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. கார்க் திறப்பான் இல்லாத வீட்டுக்கு அதுதான் வசதி.

நம்ம ஊர்த் திராட்சை எங்கே?

கடையில் இருக்கும் ஒயின் பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வருகிறது. கம்பத்துப் பழம் ஏன் பாட்டிலுக்குள் அதிகம் போகவில்லை?

12 சதவிகித ஆல்கஹால் கிடைக்க, ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 200 கிராம் சர்க்கரை தேவை. பழத்தைக் கொடியிலேயே நன்றாக முற்ற விட வேண்டும். சாப்பிடும் பழமாக விற்பவரோ, லாரியில் நசுங்காமல் போய்ச் சேரும் பதத்தில் பறிப்பார். ஒயினுக்கென்றே வளர்க்கும் ரகங்கள் வேறு. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அழைக்கும் நம் பன்னீர் திராட்சை, முதலில் சாப்பிடும் பழம், பிறகு ஜூஸ் பழம். அதில் ஒயின் எடுக்கவே முடியாது என்பதில்லை. சில நாடுகளில் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் முதல் ஒயின் ஆலை என்று பேசப்பட்ட ‘ஹில் ஜில்’ தொடங்கப்பட்டதும் இதே கம்பம் பள்ளத்தாக்கில்தான். ஆனையமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

விவசாயிக்கு இது வெறும் ருசிப் பிரச்னை அல்ல. பன்னீர் திராட்சை மெல்லிய தோல் பழம், பறித்தால் நாள் கணக்கில்தான் தாங்கும். பழுத்த நேரத்தில் மழை பெய்தால் வெடித்துவிடும். வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பழமாக விற்காததை வேறு பொருளாக மாற்றும் வழி பக்கத்திலேயே இருந்தால்தான் பேரம் பேச முடியும். அந்த வழி ஒயினாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஜூஸ், ஸ்குவாஷ், ஜாம், உலர் திராட்சை எதுவானாலும் பந்தலுக்குச் சொந்தக்காரருக்கு லாபம்தான்.

‘உடம்புக்கு நல்லது’ என்கிறார்களே?

ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது, முகம் மினுமினுக்கும், பிரசவமான பெண்ணுக்குத் தெம்பு தரும் என்றெல்லாம் இன்னும் சொல்கிறார்கள். மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தாய் குடிக்கும் ஆல்கஹால் தாய்ப்பாலிலும் கலக்கும். சர்க்கரை, தூக்கம், வலி, வலிப்பு ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். கல்லீரல் பிரச்னை உள்ளவர்களுக்கும், குடியை விட்டு மீண்டவர்களுக்கும் சின்ன பாட்டிலும் பெரிய ஆபத்துதான்.

வண்டி ஓட்டுவதையும் யோசியுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு கிளாஸ்தானே என்று குமுளி மலைப்பாதையில் பைக்கை எடுக்காதீர்கள். அந்த வளைவுகளில் அபராதத்தைவிடப் பெரிய விலை கொடுக்க வேண்டி வரும். எல்லை தாண்டினால் ரகம் அதிகம் என்று, அனுமதி இல்லாமல் கேரளத்திலிருந்து பாட்டில் கொண்டுவருவதும் வழக்கில் முடியும்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. எத்தனை பேர் குடிக்கப் போகிறோம்?
2. ஆல்கஹால் எத்தனை சதவிகிதம்?
3. டிரையா, இனிப்பா?
4. எப்போது தயாரித்தது, எங்கே வைத்திருந்தார்கள்?
5. குடித்த பிறகு யார் வண்டி ஓட்டுவது?

ஐந்தில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடலாம். சபையில் எல்லோர் கையிலும் ஒரு கிளாஸ் இருக்க வேண்டும் என்றால், பன்னீர் திராட்சையை விதையோடு லேசாக வேகவைத்து, மசித்து வடிகட்டி, குளிர வைத்துக் கொடுங்கள். குழந்தையும் குடிக்கலாம், பாட்டியும் குடிக்கலாம், வண்டி ஓட்டுபவரும் குடிக்கலாம். அதில் செலவழிக்கும் காசு கம்பத்துப் பந்தலுக்கே போய்ச் சேரும்.

*(தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்பது குற்றம். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு.)*