தீப்பொறி நேரமும் உணரிக் கம்பிகளும்: மோட்டார் சைக்கிள் மின்பற்றவைப்பு குறித்த ஒரு விளக்கம்

பெட்ரோல் எஞ்சினில் எரிகலவை எரிந்து முடியச் சிறிது நேரம் தேவை. எனவே பிஸ்டன் மேலுச்சியை எட்டுவதற்குச் சில பாகைகள் முன்னரே தீப்பொறி எழ வேண்டும். நிமிடத்திற்கு 6,000 சுற்று வேகத்தில் கிராங்க் தண்டு ஒரு சுற்றை 10 மில்லிநொடியில் முடிக்கிறது. ஒரு பாகைக்கு 28 மைக்ரோநொடிகூட ஆவதில்லை. இந்நுண்கணக்கைச் செய்யும் கட்டுப்பாட்டுக் கருவி பிஸ்டனைக் காண்பதில்லை; கம்பி வழி வரும் மின்னழுத்தத்தையே காண்கிறது. கம்பியில் நேரும் பிழை கோணப் பிழையாக மாறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

தண்டின் நிலையை அறிவிப்பது பல்சர் காயில். காந்தச் சக்கரத்தின் வெளிப்புறத்திலுள்ள மேடு இச்சுருளைக் கடக்கையில், அதன் முன்விளிம்பு ஒரு மின்துடிப்பையும் பின்விளிம்பு அதற்கு எதிரான துடிப்பையும் எழுப்புகின்றன. பின்விளிம்புத் துடிப்பில் மட்டும் இயங்கும் எளிய சிடிஐ ஒன்றைக் கொள்வோம். சுருளின் இரு கம்பிகளும் இடம் மாறினால், முன்விளிம்பிலேயே அது தீப்பொறி எழுப்பிவிடும். மேட்டின் நீளம் எத்தனை பாகையோ அத்தனை பாகை முந்திவிடும். கிக்கர் காலைத் திருப்பி அடிப்பதும், சுமையில் எஞ்சின் தட்டுவதும் இதன் அறிகுறிகள். ஒரு முனை எஞ்சின் உடலோடே இணைந்த சுருள்களில் இம்மாற்றம் எளிதில் நேராது. மீட்டரில் மின்தடையை அளந்தால் கம்பி எப்படி இருப்பினும் ஒரே எண்தான் வரும். ஆதலின் பழி சுருள்மீதோ சிடிஐ மீதோ விழுகிறது. புதியது வாங்கிய பின்னும் பழுது நீங்குவதில்லை.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள் பெருகின, உணரிகளும் கூடின. திராட்டில் நிலை உணரிக்கு 5 வோல்ட், குறிகை, எர்த் என மூன்று கம்பிகள் உண்டு. (‘புவியிணைப்பு’ எனப் பாடநூல் கூறினும் பட்டறையில் எர்த் என்றால்தான் விளங்கும்.) எர்த் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறினால் குறிகையின் மின்னழுத்தம் உயர்கிறது. திராட்டில் கூடுதலாகத் திறந்திருப்பதாகக் கருவி கொள்கிறது. சுமை மிகுதி எனக் கணித்து முன்கோணத்தைக் குறைக்கக்கூடும். வண்டி மந்தமாகும், எந்த உணரியும் பழுதாகியிராது.

உயரழுத்தக் கம்பியைப் பல்சர் கம்பியோடு சேர்த்துக் கட்டுவதும் தவறு. ஒவ்வொரு தீப்பொறியும் அருகிலுள்ள கம்பியில் போலித் துடிப்பைத் தூண்டலாம். மின்தடை கொண்ட ஸ்பார்க் பிளக்கிற்குப் பதில் மின்தடையற்றதை மாட்டினால் இத்தொல்லை மிகும்.

நின்ற வண்டியில் எடுக்கும் அளவு மட்டும் போதாது. எஞ்சின் ஓடுகையில் உணரியின் எர்த் முனைக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்தவாறே கம்பித்தொகுதியை மெல்ல அசைக்க வேண்டும். மீட்டரில் எண் துள்ளினால், முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது அவ்வழியிலுள்ள இணைப்பியையே.