தவளை முட்டை சொன்ன கணக்கு

ஆழியாறு அணையில் வளரும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியின் மீன்கள். தேங்கிய நீரில் கொழுகொழுவென வளரும். முட்டையிட மட்டும் மறுத்துவிடும். அதனால் ஒரு காலத்தில் குஞ்சுகளை ஆற்று வெள்ளத்தில்தான் வலைவீசிச் சேகரித்தார்கள். 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி, இந்தியக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தனர். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

ஊசி போட்ட பிறகு முட்டைக்குள் என்ன நடக்கிறது? பொருளியல் ஆசிரியனான என்னை இந்தக் கேள்வி விடவில்லை. இதற்கான விடையில் பெரும்பகுதியைத் தந்தவை தவளைகள். தவளையின் முட்டைச்செல் ஒரு மில்லிமீட்டருக்கும் பெரியது. ஊசியால் குத்தலாம், உட்கருவையே எடுத்துவிடலாம்.

வளர்ந்த முட்டைச்செல், பிரிவின் பாதியில் உறங்கிக் கிடக்கிறது. புரோஜெஸ்ட்ரோன் பட்டதும் விழிக்கிறது. சில மணி நேரத்தில் புரத உற்பத்தி ஏறத்தாழ இருமடங்காகிறது. உட்கருவை நீக்கிய செல்லிலும் இந்த உயர்வு நிகழ்ந்ததுதான் வியப்பு. அப்படியானால் ஆணைகள் புதிதாக எழுதப்படவில்லை. முட்டை வளர்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட தூது ஆர்என்ஏக்கள், வால் குறுகிய நிலையில் கிடப்பில் இருந்தன. ஹார்மோனின் தூண்டுதலால் சிலவற்றின் வால் நீள்கிறது; மாஸ், சைக்ளின் போன்ற புரதங்கள் உருவாகின்றன. அதே வேளையில் ரைபோசோம் புரதங்களுக்கான ஆணைகள் வால் இழந்து ஓய்கின்றன. மொத்த உற்பத்தியைவிட, எது உற்பத்தியாகிறது என்ற இந்த மாற்றமே முக்கியம் என்பது என் எண்ணம். (நாட்டு வருமானக் கணக்கிலும் இதை மாணவர்களுக்குப் புரியவைக்கப் பெரும்பாடுபட்டிருக்கிறேன்.) புரத உற்பத்தியைத் தடுத்துவிட்டால், ஹார்மோன் இருந்தும் முட்டை முதிர்வதில்லை.

1971இல் மசுய், மார்க்கெர்ட் இருவரும் முதிர்ந்த முட்டையின் சைட்டோபிளாசத்தில் சிறிதளவை முதிராததற்குள் செலுத்தினர். ஹார்மோனே இன்றி அதுவும் முதிர்ந்தது. அதிலிருந்த தூண்டுபொருளின் ஒரு கூறு சைக்ளின் என்பது பின்னர் தெரிந்தது.

மீனில் முதிர்வைத் தூண்டும் ஸ்டீராய்டு சற்றே வேறு. ஆனாலும் ஊசி புதுச் சரக்கு எதையும் கொண்டுவருவதில்லை. இருப்பைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. தாய்மீனுக்கு மாதக்கணக்கில் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் ஒழுங்காகப் போடாத பண்ணையில், எவ்வளவு விலையுயர்ந்த ஊசியும் நல்ல குஞ்சைத் தராது.