தாலியில ஊக்கு இருக்காம்மா?

ஒரே ஒரு ஊக்குக்காக நாற்பது பேர் கைதட்டி நான் பார்த்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன்!

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும் ரேடியோகிராஃபர்களுக்கு அங்கே சி.எம்.இ. நடந்தது. வேலையில் இருப்பவர்கள் தங்கள் துறையில் புதிதாக வந்ததைக் கற்றுக்கொள்ளும் வகுப்பு அது. டாக்டர்களின் சி.எம்.இ. என்றால் ஏ.சி. ஹால், பஃபே. இங்கே லெமன் சாதப் பொட்டலம். ஆனால் கலகலப்பு இங்கேதான். என் தோழி இந்தத் துறையில் இருக்கிறாள். "ஓரமா நின்னுக்கிறேன்டி" என்று கெஞ்சி நுழைந்துவிட்டேன்.

ஓரமாக எங்கே நிற்க விட்டார்கள்! எம்.ஆர்.ஐ. வாசலிலேயே கையில் ஒரு படிவம். பேஸ்மேக்கர் இருக்கிறதா? உடம்புக்குள் கிளிப், பிளேட்? கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதுண்டா? (வெல்டிங் வேலை பார்ப்பவர்களுக்கான கேள்வியாம்.) போன், வாட்ச், ஏ.டி.எம். கார்டு, கொண்டை ஊசி எல்லாம் ஒரு ஸ்டீல் ட்ரேயில் விழுந்தன.

"சேலையில எத்தனை ஊக்கு மேடம்?"

"நாலு."

கழற்றிக் கொடுத்துவிட்டு, மடிப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்ட பெண் நகரவில்லை. "தாலிச் செயின்ல?"

தொட்டுப் பார்த்தேன். இரண்டு! அவசரத்துக்கு உதவும் என்று என் அம்மா அப்படித்தான் மாட்டி வைப்பாள், அவள் அம்மாவும் அப்படியே. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. அதோடு தொங்கும் இரும்பு ஊக்கை விடாது. ஸ்கேன் அறைக்கு வரும் பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே தொண்டை கட்டிவிட்டது என்றாள் அந்தப் பெண்.

பிறகுதான் வித்தை. என் ஊக்குகளில் ஒன்றை நீள நூலில் கட்டி, மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டு, மெஷின் பக்கம் மெல்ல நகர்ந்தார் வகுப்பெடுத்த மேடம். மகுடிக்கு எழும் பாம்பாக எழுந்தது ஊக்கு! நூல் விறைத்துக்கொள்ள, தரைக்கு இணையாக அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்கு வெளியே நின்ற நாற்பது பேரும் கைதட்டினார்கள். தினம் இந்த மெஷினோடு குடித்தனம் நடத்துபவர்கள்தான், ஆனாலும் தட்டினார்கள்.

அந்த மெஷினின் காந்தம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. மைனஸ் 269 டிகிரி குளிரில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் சுருளில் மின்னோட்டம் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். "கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ராத்திரி லைட்டை அணைச்சாலும் அது தூங்காது" என்றார் மேடம், ஹாலுக்குத் திரும்பியதும். யாரிடம் தெரியுமா? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துப்புரவு அக்காக்களிடமும் செக்யூரிட்டி அண்ணனிடமும்! வாளி, ஸ்டூல், சக்கர நாற்காலி எதுவானாலும் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒருவர் உறவினருக்காக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் போனார். சிலிண்டரோடு அவரையும் மெஷின் இழுத்துக்கொண்டது. உயிர் போய்விட்டது. அதுவரை இருந்த சிரிப்பு அந்தக் கணத்தில் நின்றது.

டீ வந்ததும் சிரிப்பு திரும்பி வந்தது. அடுத்தது சண்டை!

எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளைகளின் அடிவயிற்றில் ஒரு காரீயத் துண்டை வைத்து மறைப்பார்களே, அது இனி வேண்டாமாம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019லேயே சொல்லிவிட்டது, 2021இல் அந்நாட்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவும் ஆமோதித்தது. 1950களில் வாங்கிய டோஸோடு ஒப்பிட்டால் இன்று அடிவயிற்று உறுப்புகளுக்குப் போவது 95 சதவீதத்துக்கும் மேல் குறைவு. காரீயம் கொஞ்சம் நகர்ந்தால் பார்க்கவேண்டிய எலும்பே மறைந்து, மறுபடி படம் எடுக்கவேண்டி வரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. போதுமான கதிர் விழுந்ததும் மெஷின் தானே நிற்பதற்கு ஓர் உணரி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் காரீயம் விழுந்தால், 'இன்னும் போதவில்லை' என்று மெஷின் கூடுதலாக அள்ளிக் கொட்டும்!

பின்வரிசையில் முப்பது வருட சர்வீஸ் அண்ணன் ஒருவர் எழுந்தார். "அதெல்லாம் சரிங்கம்மா. பிள்ளைங்க பயப்படக்கூடாதுன்னு அந்தத் துண்டுக்கு யானைப் படம் போட்ட உறை தைச்சு வச்சிருக்கேன். அதை என்ன பண்ண?" ஹால் அதிர்ந்தது. எனக்கென்னவோ கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

விதி மாறுவது சுலபம். 'ஏன் மூடல?' என்று கேட்கும் அம்மாவிடம் யார் சொல்வது? அதற்கு ஒத்திகை! சந்தேகப் பிராணியான அம்மா வேஷம் எனக்கு. மடிப்பைப் பிடித்தபடியே வெளுத்து வாங்கினேன்: "பக்கத்து லேப்ல மூடுனாங்களே, நீங்க மட்டும் காசை மிச்சம் பண்றீங்களா?" எதிரே நின்ற தம்பிக்கு வியர்த்தேவிட்டது.

மதியம் டோஸ் கணக்கு. பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்து, குட்டு வெளிப்பட்டுவிடும். டிஜிட்டலில் சாஃப்ட்வேர் அதைச் சரிசெய்து அழகாகக் காட்டிவிடுகிறது. குறைந்தால் மட்டும் படம் புள்ளி புள்ளியாக வரும். ஆகவே 'எதுக்கும் கொஞ்சம் சேர்த்தே போடுவோம்' என்று கை தானாகப் போகும். புளிக்குழம்புக்கு எண்ணெய் ஊற்றுகிற கதை. திரையின் மூலையில் டி.ஐ. என்று ஒரு எண் வரும். பூஜ்யம் என்றால் சரியான அளவு, மூன்று என்றால் இரட்டிப்பு. எத்தனை பேர் தினம் பார்க்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள்.

எல்லோர் நெஞ்சிலும் தொங்கும் டி.எல்.டி. பேட்ஜ் பற்றியும் கேட்டுக்கொண்டேன். உள்ளே இருப்பது கால்சியம் சல்பேட். நம் மாவுக்கட்டுக்கு ஆதாரமான அதே சரக்கு! அதில் துளி டிஸ்ப்ரோசியம். வாங்கிய கதிரை ஞாபகம் வைத்திருந்து, சூடுபடுத்தினால் ஒளியாகக் கக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுப்பார்கள். ஒருத்தர் கழற்றி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டு லீவில் போய்விட்டாராம். ஊருக்குப் போன மனிதர் எக்கச்சக்கமாகக் கதிர் வாங்கியதாக ரிப்போர்ட் வர, பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினாராம். அவர் அந்த ஹாலிலேயேதான் உட்கார்ந்திருந்தார். காது சிவந்திருந்தது.

நாலரைக்குச் சான்றிதழ், குரூப் போட்டோ. அமெரிக்காவில் ரேடியோகிராஃபர்களுக்கு இரண்டு வருடத்துக்கு 24 புள்ளி கட்டாயம், இல்லாவிட்டால் பதிவுக்கே ஆபத்து. இங்கே வாரத்தின் ஒரே லீவை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். "நைட் டூட்டி முடிச்சு நேரா வந்தேங்க்கா" என்று ஒத்திகையில் வியர்த்த தம்பி கொட்டாவி விட்டான்.

கிளம்பும்போது ட்ரேயை நீட்டினார்கள். வகுப்புக்கு வந்த பெண்கள் அத்தனை பேரின் ஊக்கும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. கைக்கு வந்த ஆறை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எண்ணினால் ஏழு இருக்கிறது.