மலை ஏறாத ரயில்

நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் 'பார்க்' கட்டிப் பழகியவரா நீங்கள்? மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்தரை போட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, மண்ணைக் குவித்து மலை செய்து, கேழ்வரகை முளைக்கவிட்டு வயல் காட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மற்றப் பாதிதான் ரயில்.

யோகோஹாமாவில் வேலை பார்க்கும் என் தம்பி, 2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்குப் போடிநாயக்கனூருக்கு வந்தான். எல்லோருக்கும் புடவை, கைக்குட்டை, மிட்டாய் என்று எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் என் ஒன்பது வயது மகனிடம் ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே பஞ்சணையில் படுத்திருந்தது ஒரு கறுப்பு நீராவி எஞ்ஜின். அசல் எஞ்ஜினுக்கு டி-51 என்று பெயர். 1936-இல் தொடங்கி ஜப்பானில் அந்த ரகத்தில் 1,115 செய்தார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்தது அதன் கொள்ளுப் பேரக் குழந்தை. நீளம் 13 சென்டிமீட்டர், ஒரு பேனா அளவு. கூடவே மூன்று பெட்டிகள், வளைந்த தண்டவாளம் எட்டு, நேர்த் தண்டவாளம் எட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு மின்பெட்டி.

"இவ்வளவு சின்னதா?" என்றாள் அம்மா.

சின்னதுதான். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர்தான் இடைவெளி. போடியில் இருந்துகொண்டு 9 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிக்கும் ஊர் அல்லவா? அப்பா அலமாரி டப்பாவிலிருந்து எட்டு எம்.எம். காய் ஒன்றை எடுத்துத் தண்டவாளத்தின் நடுவே வைத்தார். இரு பக்கமும் மயிரிழை இடம் விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது. "சரியான கேஜ்தான்" என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்.

ஜப்பானில் இந்த ரகத்தை முதலில் செய்து விற்றவர்கள் கேட்டோ நிறுவனத்தார், 1965-இல் வந்தது. அங்கே வீடுகள் சிறியவை. பெரிய ரயில் பொம்மை வைக்க இடம் ஏது? ஆகவே அசல் ரயிலை 150-இல் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். சாயங்காலம் பாய்த் தரையில் தண்டவாளத்தைப் பூட்டி ஓட்டிவிட்டு, தூங்கும் முன் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவது அங்கே பல வீடுகளில் வழக்கம். ஜல்லி போட்ட மேடையோடு சேர்த்தே தண்டவாளத்தைச் செய்திருப்பதால் 'க்ளிக்'கென்று பூட்டிக்கொள்கிறது. ஆணியும் வேண்டாம், பிசினும் வேண்டாம்.

நாங்களும் முதல் நாள் கூடத்துத் தரையில்தான் ஓட்டினோம். இரண்டாம் நாள் எஞ்ஜின் முக்கி முனகி நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தால் சக்கரத்தின் அச்சில் நீளமாக ஒரு தலைமுடி! பெண்கள் மூன்று பேர் தலை வாரும் வீட்டில் தரையில் ரயில் விடுவது நடக்கிற காரியமில்லை. நீங்கள் வாங்கினால் முதல் நாளே பலகை ஒன்று தேடிக்கொள்ளுங்கள். அடுப்படிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை தண்டவாளத்தில் படிந்தால் மின்சாரம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

இங்கே என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பி ஊருக்குக் கிளம்பிய அன்று அவசரத்தில் மின்பெட்டியை நேராகச் சுவரில் செருகினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு வாசனை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. தண்டவாளத்துக்குப் போவது வெறும் 12 வோல்ட்தான். குழந்தை தொட்டாலும் பயமில்லை. ஆனால் சுவருக்கும் மின்பெட்டிக்கும் நடுவே 230-ஐ 100-ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் இருக்க வேண்டும். தம்பி அதை வாங்கித்தான் வைத்திருந்தான். நான்தான் சேர்க்க மறந்தேன். புதிய மின்பெட்டி வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் நல்லதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ரயில் ஓடாததால் திட்டம் போட உட்கார்ந்தோம்.

என் மகனுடைய திட்டம் ஒன்றே ஒன்றுதான்: ரயில் மலை ஏற வேண்டும். எங்கள் மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே ஏலமலை நிற்கிறது; அவன் வேறு என்ன கேட்பான்? புத்தகங்களை அடுக்கிச் சரிவு செய்து எஞ்ஜினைக் கையால் தள்ளிக்கூடப் பார்த்துவிட்டான். மின்பெட்டி வந்ததும் நிஜமாகவே ஏற்றினான். எஞ்ஜின் இரண்டு புத்தகம் ஏறிற்று. மூன்றாவதில் சக்கரம் மட்டும் சுழல, ரயில் அப்படியே பின்னால் இறங்கி வந்தது. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் முறை ரயில் அமைப்பவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் இதுதான். கணக்கைப் பாருங்கள். ஒரு ரயில் மற்றொன்றின் மேலே பாலத்தில் போக வேண்டுமானால் ஐந்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நூறு சென்டிமீட்டர் ஓடினால் நான்கு சென்டிமீட்டர் ஏறலாம். அதற்கு மேல் ஏற்றினால் எஞ்ஜின் திணறும். ஆக, ஏற ஒன்றேகால் மீட்டர், இறங்க ஒன்றேகால் மீட்டர். எங்களிடம் இருந்த பலகையோ 90-க்கு 180 சென்டிமீட்டர். வளைவுகளின் ஆரம் 31 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எட்டு வளைவும் எட்டு நேர்த் துண்டும் சேர்த்து நீள்வட்டம் பூட்டினால் 165-க்கு 66 ஆகிவிடுகிறது. ஏறவும் இறங்கவும் இடம் எங்கே?

சாய்வு நாற்காலியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா. அவருக்கு 76 வயது. முந்திய வருஷம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாசல்படி தாண்டியதில்லை. "நடக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்பாதான் பயந்துபோயிருந்தார். மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்று, பன்னிரண்டரை வருஷம் கழித்து 2023 ஜூன் 15 அன்று அகல ரயிலாகத் திரும்பி வந்தது. வாரம் தவறாமல் அந்தப் பழைய ரயிலில் போய்வந்த மனிதர், புது ரயிலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, போடி ரயில் என்னைக்கு மலை ஏறிச்சு?" என்றார் திடீரென்று. "ரயில் மலையடிவாரத்தோட நின்னுரும். மலைச் சரக்குதான் கீழே இறங்கி வரும்."

அவ்வளவுதான், எங்கள் சிக்கல் தீர்ந்தது!

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன், சுவையானது. மூணாறில் விளைந்த தேயிலையை இறக்க 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் ஒரு பக்கம் சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல். மறுபக்கம் பெரிய சக்கரம் சாலைமேல். இழுத்தவை காளை மாடுகள்! 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு எஞ்ஜின் விட்டார்கள். அந்த ரயில் மலை விளிம்பில் வந்து நின்ற இடம்தான் இன்று எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போகிற டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு வந்தன. அங்கிருந்து வண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் மலைமேல் ரயில் அடித்துக்கொண்டு போயிற்று. போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல். நாலு வருஷ இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே போய்விட்டன.

எங்கள் பலகையில் அவற்றைச் சந்திக்க வைத்துவிட்டோம். சரித்திரப் பிழைதான். ஆனால் பையனுக்கு மலை வேண்டும், தாத்தாவுக்கு ரயில் வேண்டும். நான் என்ன செய்ய?

எதை விடுவது என்பதுதான் இந்த வேலையில் கஷ்டம். மதுரையிலிருந்து போடி 90 கிலோமீட்டர். 150-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 600 மீட்டர் வரும். தெருவையே வளைத்துப் போட வேண்டியதுதான். எனவே உசிலம்பட்டியையும் தேனியையும் மனசில்லாமல் விட்டோம். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மட்டும் ஒரு மூலை கொடுத்தோம். தண்டவாளத்துக்கு இருபுறமும் இரண்டு குன்று. அவற்றுக்கு நடுவே வளைவு மறைந்துவிடும். வளைவை மறைத்தால் ரயில் வட்டமடிக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. நீள்வட்டத்தின் உட்பக்கம் 'பாயிண்ட்' ஒன்று வைத்து ஒரு கிளை பிரித்தோம். அந்தக் கிளையின் முடிவுதான் போடி ஸ்டேஷன். எஞ்ஜினும் மூன்று பெட்டியும் நிற்க அரை மீட்டர் போதும். வட்டத்தை மூன்று தரம் சுற்றிவிட்டு உள்ளே வந்து நின்றால், மதுரையிலிருந்து போடி வந்ததாகக் கணக்கு.

இதையெல்லாம் முதலில் பழைய செய்தித்தாளில் அசல் அளவில் வரைந்து பாருங்கள். அழிப்பதற்குச் செலவில்லை.

மலை செய்வது அம்மாவின் இலாகா ஆயிற்று. தெர்மாகோலைப் படிப்படியாக ஒட்டி, மேலே காகிதக் கூழ் பூசி, காய்ந்ததும் தண்ணீர் கலந்த பசையைத் தடவி, உலர்த்திய தேயிலைச் சண்டைத் தூவினாள். ஏலத்தோட்டத்து மண் என்றே சொல்வீர்கள். தேங்காய் நாரைப் பிய்த்துச் சாயம் ஏற்றினால் நிழல்மரம். அதன் அடியில் சிறு சிறு கொத்தாக ஏலச்செடி. ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் மரத்தை வெட்டாமல் அடியில் பயிரிடுகிறார்கள் அல்லவா? "பேரப்பிள்ளை மொட்டை மலை செய்திருக்கான்!" என்று அம்மா இரண்டாம் தரமும் மரம் நட்டாள். உச்சியிலிருந்து கொட்டகுடிக்குக் கறுப்பு நூல் கட்டி, தீப்பெட்டித் தாளில் மடித்த தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டோம். மலைமேல் ஒற்றைத் தண்டவாளத்துக்கு ஒரு குண்டூசிக் கம்பி. மாடு இரண்டும் அம்மாவின் கொலுப் பெட்டியிலிருந்து வந்தவை. வண்டியைவிடப் பெரிய மாடுகள்!

அம்மா போட்ட நிபந்தனை ஒன்று உண்டு: புரட்டாசிக்குள் அறை காலியாக வேண்டும், கொலுப்படி வைக்கிற இடம் அது. ஆகவே பலகையை இரண்டு துண்டாக அறுத்துக் கீழே தாழ்ப்பாள் போட்டோம். வேண்டாதபோது கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இதை முதலிலேயே செய்யாமல், தண்டவாளம் பூட்டியபின் அறுத்தது முட்டாள்தனம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

எல்லாம் முடிகிற நேரத்தில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சண்டை வந்தது. ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிற திசையைப் பார்த்து நின்றால் கொட்டகுடி மலை இடது பக்கம் என்கிறான் பையன். வலது பக்கம் என்கிறார் அப்பா. மலையோ பசை காயாமல் நடுவில் நிற்கிறது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் காலை, அப்பா கைத்தடியை எடுத்துக்கொண்டு, "ஆட்டோவைக் கூப்பிடும்மா. நேரிலேயே பார்த்துருவோம்" என்றார்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. அவசரமாக அவருடைய செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

ஸ்டேஷனில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். தண்டவாளம் முடிகிற பக்கம் திரும்பி நின்றார். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. கைத்தடியைத் தூக்கி வலது பக்கம் காட்டினார்.

"அந்தா இருக்கு பாருடா. நான் என்ன சொன்னேன்?"

பையன் ஒப்புக்கொண்டான். அத்தோடு திரும்பியிருக்கலாம், அப்பா நகரவில்லை. "தேனிக்கு ஒரு டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினார்.