அசையாத உடலுக்குள் விழித்திருக்கும் மனம்

கண்கள் திறந்திருக்கின்றன. உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வருகின்றன. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் பார்வை திரும்புவதில்லை. கையை அழுத்தச் சொன்னால் விரல் அசைவதில்லை. தலையில் அடிபட்டு இந்நிலைக்கு ஆளானவரின் கட்டிலருகே நின்றுகொண்டு, 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது எத்தனை அவசரமான சொல் என்று எண்ணிப் பார்த்ததுண்டா, வாசகர்களே?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏட்ரியன் ஓவன் என்னும் ஆய்வாளரின் குழு, சாலை விபத்துக்குப் பின் இவ்வாறு கிடந்த 23 வயதுப் பெண்ணொருவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் கிடத்தி, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி கூறியது. மூளையில் எப்பகுதி உழைக்கிறதோ அங்கே இரத்த ஓட்டம் மாறும். அம்மாற்றத்தைக் கருவி படமாக்கும். உடலசைவைத் திட்டமிடும் பகுதி, நலமுள்ளோரிடம் போன்றே அவரிடமும் இயங்கிற்று! 2006-இல் இம்முடிவு வெளியாயிற்று. 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில், டென்னிஸை நினைத்தால் 'ஆம்', வீட்டிற்குள் நடப்பதாக நினைத்தால் 'இல்லை' என்று வைத்துக்கொண்டு, ஒரு நோயாளி தம்மைப் பற்றிய 6 கேள்விகளில் ஐந்துக்குச் சரியாக விடையளித்தார்.

2024-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சொன்னதற்கு எவ்வித அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை, சொன்னதைச் செய்திருந்தது. நால்வரில் ஒருவர்!

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். அதே ஆய்வில், சொன்னதைக் கேட்டுக் கண்ணெதிரே அசைவு காட்டிய 112 பேரில் 43 பேரிடம் மட்டுமே அச்சோதனைகள் பலனளித்தன. ஆகவே படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே உள்ளே மனம் இல்லை என்று முடிவுகட்டிச் சிகிச்சையை நிறுத்துவது நியாயமாகாது. மருத்துவமனைகளில் வழக்கமாக எடுக்கும் ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டுவது. மேற்சொன்ன சோதனையோ சில ஆய்வு நிலையங்களில் மட்டுமே நடப்பது. இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்லாமல் குடும்பத்தாருக்கு நம்பிக்கையூட்டுவதும் தவறுதான்.

அவர் காதுபட மருத்துவச் செலவையும் சொத்துப் பிரிவினையையும் பேசுகிறோமே, அதற்கென்ன சொல்வது? 'வாப்பா, நான்தான் வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு அவரைத் தொடுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

'ஆம், இல்லை' என்று விடை சொல்லக்கூடியவரிடம் எதைக் கேட்பது? வாழ விருப்பமா என்று கேட்கலாம் என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தம் நிலையை அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார், அந்த விடை ஒரு கணத்துச் சோர்வா, உறுதியான முடிவா என்பதை ஒற்றைச் சொல் காட்டாது. வலிக்கிறதா என்று கேளுங்கள். 'ஆம்' என்றால், அன்றைக்கே மருந்து கொடுக்கலாம்.