உண்டியல் காசும் முழுப் பணம்தான்

தர்மபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்த ஒருவர் 2022 ஜூன் மாதம் பத்து ரூபாய் நாணயங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டி, ஆறு லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கினார். கணக்குப் போட்டால் 60,000 நாணயங்கள். ஊடகங்கள் இதை வேடிக்கைச் செய்தியாக்கின. அவர் சொன்ன காரணத்தில் வேடிக்கை ஏதுமில்லை. அம்மா நடத்திய கடையில் சேர்ந்த நாணயங்களை யாரும் திரும்ப வாங்கவில்லை. செல்லும் பணம் செல்லாக் காசாக வீட்டில் குவிந்து கிடந்தது.

இந்த நிலை பல வீடுகளில் உண்டு. அலமாரி மேல் ஒரு மண் உண்டியல், சாமி படத்துக்கு முன்னால் ஒரு டப்பா, பீரோவில் ஒரு சுருக்குப் பை. சேர்க்கத் தெரிந்த நமக்கு, சேர்த்ததை எங்கே கொடுத்து மாற்றுவது என்பதில்தான் தயக்கம்.

எது செல்லும், எது செல்லாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு போயின. எட்டணா, அதாவது 50 காசு, இன்றும் செல்லும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபது ரூபாய் நாணயங்கள் எந்த ஆண்டில், எந்த வடிவத்தில் வந்திருந்தாலும் செல்லும். பத்து ரூபாய் நாணயத்தில் பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளக் காசு என்பதும், ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி என்பதும் வெறும் வதந்தி. அந்தக் குறியீடு நாணயங்களில் ஏறியதே 2011-இல்தான். அதற்கு முன் அச்சானவற்றில் எப்படி இருக்கும்? அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே விட்டது. அப்படியும் சில ஊர்களில் பெட்டிக்கடைக்காரர், “பத்து ரூபா காயின் வேணாங்க” என்று கையை விரிக்கிறார். கேட்டால், “நான் வாங்கிட்டா எங்கிட்ட யார் வாங்குவா?” என்பார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்தவர் வாங்கமாட்டார் என்ற பயம்தான் இந்த வதந்திக்கு உயிர் கொடுக்கிறது.

நாணயத்தை மறுத்தால் தேசத் துரோக வழக்கு, சிறை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பி யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அந்தச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரே தடவையில் 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம், எட்டணாவாகக் கொடுத்தால் 10 ரூபாய் வரைதான். அதைத் தாண்டினால் வாங்குபவர் மறுக்கலாம். அந்தக் கார் விற்பனையாளர் நினைத்திருந்தால் ஆறு லட்சத்தையும் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

கடைக்காரருக்குள்ள இந்த வசதி வங்கிக்கு இல்லை. வாடிக்கையாளர் கணக்கில் போடும் நாணயத்துக்கு ரிசர்வ் வங்கி எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. கவுன்ட்டரில் நீட்டும் சில்லறை நாணயங்களையும் சிறு நோட்டுகளையும் எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்று எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது.

எழுத்தில் இருப்பது இது. நேரில் போனால், “எண்ண ஆளில்லைங்க, இன்னொரு நாள் வாங்க” என்பதுதான் வழக்கமான பதில். கேஷியரின் சங்கடத்திலும் நியாயம் உண்டு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை எடை போட்டே வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. ஆனால் 2011 வரிசையில் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம்; 2019 வரிசையில் வந்தது 3.09 கிராம். நூறு நாணயம் முன்னதில் 379 கிராம், பின்னதில் 309 கிராம். இரண்டும் கலந்து கிடக்கும் பையைத் தராசில் வைத்து என்ன பயன்? அதனால் வீட்டிலேயே தரையில் கொட்டி, வகை வகையாகப் பிரித்துவிடுங்கள். ஒரு ரூபாயில் பெரியது தனி, சின்னது தனி. நூறு நூறாக எண்ணி பாலிதீன் பையில் கட்டி, ஒவ்வொன்றிலும் தொகையை எழுதிய துண்டுச் சீட்டைப் போடுங்கள். நூறு நாணயப் பைகளாகக் கொண்டுவருவது வசதி என்பதும் ரிசர்வ் வங்கி சொல்லும் வழிதான். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, சலானையும் நிரப்பிக்கொண்டு போனால் பாதி மறுப்பு அங்கேயே அடங்கிவிடும். அளவுக்கு மேல் சில்லறை போட்டால் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும். உங்கள் வகைக் கணக்குக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் மறுத்தால் மேலாளரைப் பாருங்கள். வாய்வார்த்தையாக விடாமல் புகாரை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். சிஎம்எஸ் என்ற அதன் இணையதளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. அந்த முத்திரை போட்ட நகல்தான் உங்கள் ஆதாரம். இந்தச் சிரமத்துக்குச் சோம்பி, கமிஷன் பிடித்துக்கொண்டு சில்லறை மாற்றித் தருபவரிடம் போவது நூறு ரூபாயைத் தொண்ணூறுக்கு விற்பதற்குச் சமம்.

உண்டியலில் நோட்டு வேண்டாம். நாணயத்தைக் கரையான் தின்னாது, நோட்டைத் தின்னும். 2025-இல் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு குடும்பம் பிள்ளைகளின் காதணி விழாவுக்காக உண்டியலில் சேர்த்துப் புதைத்து வைத்த ஒரு லட்ச ரூபாயைக் கரையான் அரித்துவிட்டது. அரிபட்ட நோட்டுக்கும் கணக்கு உண்டு. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் வங்கியில் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை. 20 ரூபாய் வரையுள்ள நோட்டுகளுக்குப் பாதிக்கு மேல் இருந்தாலே முழுப் பணம் கிடைக்கும்.

கணக்கில் ஏறிய பணத்தை அப்படியே விட்டால் ஏடிஎம் வழியாகக் கரைந்துவிடும். தினம் ஒரு பத்து ரூபாய் நாணயம் என்றால் மாதம் 300. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே சேரலாம். 300 ரூபாயை ஐந்து ஆண்டு கட்டினால் போட்ட பணம் 18,000, 6.7 சதவீத வட்டியில் கைக்கு வருவது சுமார் 21,400. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே கையாளும் சேமிப்புக் கணக்கை வங்கிகள் திறந்து தருகின்றன. உண்டியல் உடைக்கும் நாளில் பிள்ளையையும் வங்கிக்கு அழைத்துப் போய்ச் சலானில் கையெழுத்துப் போட விடுங்கள்.

சிறுசேமிப்புக்குத் தெருவில் வலை விரிப்பவர்களும் உண்டு. தீபாவளிச் சீட்டு என்று வாரா வாரம் நூறு, இருநூறாக வாங்கிக்கொண்டு ஐப்பசியில் காணாமல் போகிறவர்களைப் பற்றி வருடம் தவறாமல் செய்தி வருகிறது. சீட்டு நடத்துபவர் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். “நம்ம தெருக்காரர், கேட்டா என்ன நினைப்பாரு” என்ற கூச்சம்தான் அவர்களுக்கு மூலதனம். ஏமாந்தவர்கள் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

கடைசியாக, பழைய நாணய மோசடி. வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு இருந்தால் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று விளம்பரம் வரும். போன் செய்தால் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு ஜிஎஸ்டி, பிறகு ரிசர்வ் வங்கிக் கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது. விற்க வந்தவரிடமே பணம் கேட்டால் அது மோசடிதான். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால், வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.